புதைத்த பைப்பில் போன தண்ணீர் எங்கே போகிறது?

போன வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். தரைக்குக் கீழே கோடவுன். ஊற்றுநீர் இறைக்கிற குழியில் ஒரே வருடத்தில் இரண்டாவது மோட்டார் காயில் எரிந்து கிடந்தது. "கம்பெனி சரியில்லைங்கண்ணா, வேற கம்பெனி போட்டுக் குடுங்க" என்றார் உரிமையாளர். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். பின்பக்கம் செம்பருத்திச் செடியைக் காட்டினார். சுவரிலிருந்து நான்கடி. பைப்பை இரண்டடி ஆழத்தில் புதைத்து, நுனியைச் சுற்றி ஜல்லி கொட்டி, மண் போட்டு மூடியிருந்தார்கள்.

இந்த மழைக்காலத்தில் இப்படி நான் பார்க்கிற நான்காவது இடம் இது.

"மண்ணுக்குள்ள விட்டா ஊறிப் போயிடும்" என்று யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ! நம் ஊர் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பல இடங்களில் மூன்று நான்கடி செம்மண், அதற்குக் கீழே பாறை. இறங்கிய தண்ணீர் பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடித் தாழ்வான இடத்தைத் தேடும். பாறையை உடைத்துக் கோடவுன் கட்டியிருக்கிறோமே, சுற்றுவட்டாரத்தில் அதைவிடத் தாழ்வான இடம் வேறு எது? வெளியே தள்ளிய தண்ணீரே திரும்பி வருகிறது. மோட்டார் ராத்திரி பகலாக அதையேதான் இறைக்கிறது.

அவருக்குச் சொன்னால் புரியவில்லை, செய்து காட்டினேன். என்னிடமிருந்த மோட்டாரைப் பழைய பைப்பிலேயே மாட்டினேன். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஃப்ளோட் (தண்ணீர் ஏறினால் மோட்டாரை ஓடவைக்கிற மிதவை) எழும்பி மோட்டார் ஓடியது. பிறகு ஓஸ் மாட்டித் தெருமுனை மழைநீர்க் கால்வாய் வரை இழுத்துவிட்டோம். சாயங்காலம் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடியது. குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், அதற்கப்புறம் கம்பெனியைப் பற்றிப் பேசவில்லை.

மழைநீர் சேகரிப்புதானே என்று சிலர் கேட்கிறார்கள். 2003-ல் கட்டாயமாக்கியது மாடியில் விழும் மழைநீருக்காக. கார் நிற்கிற தளத்தில் ஆயிலோடு கலந்த தண்ணீரைப் போர்வெல் பக்கத்தில் இறக்குவது சேகரிப்பு ஆகாது. இன்னொன்று, நம் ஊரில் சம்ப் என்றால் குடிதண்ணீர்த் தொட்டி. வீடியோக்களில் வரும் 'சம்ப் பம்ப்' வேறு, அது இந்தக் கோடவுன் குழி மாதிரி ஊற்றுநீரை வெளியே இறைக்கிற மோட்டார். இரண்டையும் குழப்பிக்கொண்டு குடிதண்ணீர் சம்ப்பை ஒட்டியே இந்த பைப்பைக் கொண்டுபோகாதீர்கள். மண் உறைகிற ஆழத்துக்குக் கீழே பைப்பைப் புதைக்கச் சொல்வதும் குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே வண்டிச் சக்கரமும் வேரும் நசுக்காத ஆழம் போதும்.

சரி, எப்படிப் போடுவது? மோட்டாருக்கு மேலே 'நான்-ரிட்டர்ன்' வால்வு கட்டாயம், ஏற்றிய தண்ணீர் திரும்பிக் குழிக்குள் இறங்காமல் தடுப்பது அதுதான். சுவரைத் தாண்டியதும் ஒரு சின்ன சேம்பர் கட்டி பைப்பை அதில் விடுங்கள். அங்கிருந்து நாலங்குல பிவிசி, எட்டடிக்கு ஓர் அங்குல வாட்டம். மடங்கும் ஓஸைப் புதைக்காதீர்கள், நாளடைவில் வண்டல் அடைத்துவிடும். நுனி கட்டடத்திலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி, சரிவு வெளிப்பக்கம் போகிற இடத்தில், வெளியே தெரிகிற மாதிரி இருக்கட்டும். எலி, தவளை நுழையாமல் கழற்றுகிற வலை போடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பாதீர்கள். செப்டிக் டேங்கில் சேர்க்கவே கூடாது. தெருக் கால்வாயில் விடுவதென்றால் நகராட்சியில் கேட்டுவிட்டு விடுங்கள்.

ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட மழைக்கு இந்த பைப் தாங்காது. வானிலை எச்சரிக்கை வந்தாலே கீழே இருக்கிற சரக்கை மேலே ஏற்றிவிடுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பள்ளத்தை மூடும் முன் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டி, ஜாயின்ட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள். பைப்பின் மேல் அளக்கிற டேப்பை வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்து கடப்பாரையோடு வருகிறவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.