நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

போன மாதம் ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்து போனை நீட்டினார். அக்கா கல்யாணப் படம், 1988. ஆல்பத்தில் ஒட்டியிருந்த போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டைப் போனிலேயே பிடித்திருக்கிறார். நடுவில் டியூப்லைட் கோடு போட்ட மாதிரி பளபளக்கிறது, முகமெல்லாம் செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. "மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம்ணே, இத 12க்கு 18ல பெருசு பண்ணிக் குடுங்க" என்றார்.

"நெகட்டிவ் இருக்கா?"

"பரண்ல எங்கயாவது கிடக்கும். அது எதுக்குண்ணே, இப்பதான் எல்லாம் டிஜிட்டல் ஆச்சே?"

தேடிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பழைய லேப் கவரோடு வந்தார். நெகட்டிவைக் கீழிருந்து வெளிச்சம் தரும் எல்ஈடி பலகையில் வைத்து ஸ்கேன் எடுத்து, தலைகீழாக இருக்கும் நிறங்களை நேராக்கிக் காட்டியதும் மனுஷர் ஸ்கிரீனை விட்டு நகரவில்லை. பிரிண்டில் அவர் அப்பாவின் வேட்டி வெறும் வெள்ளைத் திட்டு, இதில் மடிப்பும் ஜரிகைக் கரையும் தெரிகிறது. ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நின்ற பாட்டிக்கு முழு முகமும் மூக்குத்தியும் வந்துவிட்டன.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. நெகட்டிவ் பிடித்து வைத்திருக்கும் வெளிச்சம் அத்தனையையும் பிரிண்ட் பேப்பரால் காட்ட முடியாது. அதுவும் போக நெகட்டிவின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர், போஸ்ட்கார்டு சைஸோ 3.5க்கு 5 இன்ச். நீளவாக்கில் கொஞ்சம் வெட்டினால்தான் அதில் அடங்கும், அந்த வெட்டில் போனதுதான் பாட்டியின் பாதி முகம். ஆகவே நெகட்டிவ் கையில் இருக்கும்போது பிரிண்டை ஸ்கேன் செய்வது வீண் வேலை.

ஸ்கேன் எடுக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் எத்தனை டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். 2400 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய 8 மெகாபிக்சல்தான் வரும், ஆல்பத்துக்கு அது போதும். 12க்கு 18 அடிக்க வேண்டுமென்றால் 4000 டிபிஐ கேட்க வேண்டும், 21 மெகாபிக்சல் கிடைக்கும். இன்னொன்று, தூசியைத் தானாக நீக்கும் வசதி அகச்சிவப்பு ஒளியை வைத்து வேலை செய்கிறது, கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருக்கும் வெள்ளி அந்த ஒளியை மறித்துவிடும். என் அப்பா காலத்தில் ஊட்டியில் தயாரான 'இந்து' பிராண்ட் கறுப்பு வெள்ளை ரோலில் எடுத்த படங்களை அந்த வசதியைப் போட்டு ஸ்கேன் செய்தால் தூசியோடு சேர்த்து முக விவரமும் கரைந்துபோகும். அதை அணைத்துவிட்டு பிளோயர் வைத்து ஊதி, மிச்சத்தைக் கையால் டச்சிங் செய்து திருத்துவதுதான் வழி.

நான் இப்போது ஸ்கேனரையே அதிகம் தொடுவதில்லை. டிஜிட்டல் கேமரா, மிக அருகில் இருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ், கீழே எல்ஈடி பலகை, நெகட்டிவின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க, அவ்வளவுதான். ஃபிலிமா டிஜிட்டலா என்று சண்டை போட்ட காலம் போய், டிஜிட்டலே ஃபிலிமைப் படமெடுக்கும் காலம் வந்துவிட்டது.

அந்தச் சண்டையில் நானும் இருந்தேன். 2004 வாக்கில் 6 மெகாபிக்சல் கேமராவுக்கு மாறினேன். ரோல் வாங்கும் செலவு இல்லை, கழுவக் கொடுத்துவிட்டு லேபில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை, 36 படத்தோடு முகூர்த்த நேரத்தில் ரோல் தீர்ந்துபோகும் பயம் இல்லை. இன்றைக்கு யாராவது கல்யாணத்தை ஃபிலிமில் எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் அப்போது நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். எடுத்த கல்யாணங்களை எல்லாம் சிடியில் எழுதி, அதன் மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் போட்டு அடுக்கினேன். சிடியில் வெள்ளிப் பூச்சு அந்த மேல்பக்கத் தோலுக்கு நேர் கீழே இருக்கிறது என்பது அப்போது தெரியாது. பெயர் எழுதிய இடத்திலேயே கீறல் விழுந்து படங்கள் போயின, அதற்குத் தப்பியவை வெயிலிலும் புழுக்கத்திலும் போயின.

சரி, நெகட்டிவ் மட்டும் சாகாவரம் வாங்கி வந்ததா என்றால் அதுவும் இல்லை. கவரைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். நெகட்டிவை பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், படமே வழன்று வந்துவிடும். ஸ்கேன் ஆனதும் ஒரு காப்பி ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தைக் காப்பி என்று எண்ண வேண்டாம், அது சுருக்கித்தான் அனுப்பும்.

2005-ல் நான் படமெடுத்த ஒரு தம்பதி போன தை மாதம் வந்து கல்யாணப் படங்களை மறுபடி கேட்டார்கள். என் சிடியும் ஓடவில்லை, அவர்களுக்குக் கொடுத்த சிடியும் ஓடவில்லை. கடைசியில் அவர்கள் வீட்டு ஆல்பத்திலிருந்த மேக்ஸி சைஸ் பிரிண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்து ஸ்கேனரில் வைத்தேன். காசு வாங்கவில்லை.