தோலைத் தாண்டும் மருந்து: சிறிதாக இருந்தால் போதுமா?

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் குனிந்தே மல்லி பறிப்பவர்கள் இடுப்பிலும் முழங்காலிலும் தேய்த்துக்கொள்ளும் வலி ஜெல்கள் பலவற்றில் டைக்ளோபினாக் என்ற வலி மருந்து இருக்கும். இதையே மாத்திரையாக விழுங்கினால் வயிறு புண்ணாகலாம். தேய்த்தால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சிறு பங்குதான் உள்ளே போகும். மற்றதைத் தோல் விடாது.

தடுப்பது தோலின் வெளி அடுக்கு. தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். திருமலை நாயக்கர் மகாலின் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள்: செங்கல், இடையில் சுண்ணாம்புக் காரை. இங்கே செங்கல் என்பது இறந்து தட்டையான செல்கள். காரை என்பது செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கொழுப்பு. மருந்து பெரும்பாலும் அந்தக் காரை வழியாகத்தான் வளைந்து வளைந்து போக வேண்டும். மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் கஷ்டம். டைக்ளோபினாக் ஏறக்குறைய 300, நுழைந்துவிடும். இன்சுலின் சுமார் 5800. தோலில் தடவினால் உள்ளே போகாது.

நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் எதுவும் நுழைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியம் டையாக்சைடு நானோ துகள்கள் காயமில்லாத தோலில் மேலேயே தங்கிவிடுகின்றன; தங்கத்தான் வேண்டும். துகள் உள்ளே போகச் சிறிதாக இருந்தால் போதாது, நெகிழ்வும் வேண்டும்.

லிப்போசோம் என்பது நம் செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பால் ஆன, மருந்தைச் சுமக்கும் நுண்குமிழ். 1960களில் பிரிட்டன் விஞ்ஞானி அலெக் பாங்கம் கண்டறிந்தார். சாதாரண லிப்போசோம் பெரும்பாலும் வெளி அடுக்கோடு நின்றுவிடும். பாலிசார்பேட் போன்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்தால் குமிழின் சுவர் இளகி, தன்னைவிடக் குறுகிய இடுக்கிலும் நெளிந்து புகும். இதற்கு டிரான்ஸ்பர்சோம் என்று பெயர். அதை உள்ளே இழுப்பது ஈரம்! தோலின் மேற்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே போகப் போக ஈரம் கூடும். நீரை நாடும் குமிழும் அப்படியே இறங்குகிறது. மேலே பிளாஸ்டிக் போட்டு மூடினால் இரண்டு பக்கமும் ஈரமாகி அந்த இழுப்பே போய்விடும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குமிழ் முழுசாகவே ஆழத்துக்குப் போகிறதா, வழியில் உடைந்து மருந்தை விடுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

சரி, மதுரை வெயிலுக்கு வருவோம். சூட்டில் தோலின் கொழுப்பு இளகும், ரத்த ஓட்டம் கூடும், மருந்து வேகமாக உள்ளே போகும். பென்டனில் போன்ற வீரியமான வலி மருந்துள்ள பேட்சைத் தோலில் ஒட்டியவர்கள் அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, கடும் வெயிலில் நிற்கக் கூடாது. அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடலாம். லிப்போசோம் மருந்தும் சூட்டில் கெடும்: குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளிருப்பது கசிந்துவிடும். சித்திரையில் டியூபை வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடைவீதிக்குப் போகாதீர்கள். எந்த வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும்.