சைபர்: சுழியமா, மறையீடா?

கணக்குத் தேர்வில் சைபர் வாங்கியவனும், சைபர் குற்றம் பற்றிப் புகார் கொடுப்பவரும், வலைச் சேவையகத்தின் அமைவுக் கோப்பில், இணைப்பை மறைக்கும் முறைகளைப் பட்டியலிடும் சைபர் சூட் வரியைத் திருத்துபவரும் தமிழில் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் இங்கு இருப்பவை இரண்டு சொற்கள்.

முதலாவதும் மூன்றாவதும் ஒரே வேரின. வெறுமையைக் குறிக்கும் ‘சூன்ய’ என்ற வடசொல்லை அரபுக் கணித அறிஞர்கள் ‘ஸிஃப்ர்’ என்று பெயர்த்தனர். 1202இல் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி அதை லத்தீனில் ‘ஸெஃபிரம்’ என எழுத, அதிலிருந்து ‘ஸீரோ’ பிறந்தது. அரபுச் சொல்லின் மற்றொரு கிளையே சைபர். சுழியத்தைக் குறித்த அது பின்னர் எந்த இலக்கத்தையும் குறித்து, எழுத்துகளுக்குப் பதில் எண்களை இட்டு இரகசிய மடல் வரையும் வழக்கத்தால் மறைவெழுத்துக்கும் பெயரானது. சைபர் குற்றத்தின் சைபரோ, சுக்கான் பிடிப்பவரைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து கணித அறிஞர் நார்பர்ட் வீனர் அமைத்து 1948இல் நூலாக வெளியிட்ட ‘சைபர்நெட்டிக்ஸ்’ வழி வந்தது. அதற்கு ‘இணையவழி’ என்ற நல்ல தமிழ் ஏற்கெனவே வழங்குகிறது. மூலத்தில் ஒலி வேறுபட்ட இரண்டையும் நம் பகரம் ஒன்றாக்கிவிட்டது. கடன்சொல்லே வேண்டுமென்பவர்கள் மறைவெழுத்தை ‘சைஃபர்’ என்றாவது எழுதலாம்.

மறைவெழுத்தாக மாற்றுவதைத் தமிழில் பலர் ‘குறியாக்கம்’ என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. குறியாக்கம் என்பது ஒரு வடிவிலுள்ள தரவை வேறு வடிவில் எழுதுவது மட்டுமே. விதி தெரிந்த எவரும் திருப்பிப் படிக்கலாம், இரகசியத் திறவுகோல் தேவையில்லை. நான் ஒருமுறை சரிபார்த்த வலைச் செயலியில், பயனரின் கைப்பேசி எண்ணைக் உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும், கையொப்பமிட்ட ஜேடபிள்யூடி டோக்கனுக்குள் வைத்துவிட்டு, ‘குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது’ என்று ஆவணத்தில் எழுதியிருந்தார்கள். சொல் பொய்யில்லை, இ, ஒய், ஜே என்று தொடங்கிய அந்த நீண்ட சரம், தரவை 64 எழுத்துருக்களால் எழுதும் பேஸ்64 குறியாக்கம்தான். உலாவியிலேயே ஒரு வரிக் கட்டளையில் அது அவிழ்ந்து, எண் பத்து இலக்கமும் கண்ணெதிரே நின்றது. கையொப்பம் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும், படிப்பதைத் தடுக்காது.

ஆகவே திறவுகோல் கொண்டு மறைக்கும் செயலை ‘மறையாக்கம்’ என்றும், அதற்கான வழிமுறையாகிய சைபரை ‘மறையீடு’ என்றும், விளைவை ‘மறையுரை’ என்றும் வழங்குவதே பொருந்தும். மறை என்றால் வேதம் என்றே இன்று முதலில் தோன்றலாம். ஆனால் தாம் கேட்ட மறையைப் பிறருக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை அறையப்படும் பறைக்கு ஒப்பிடும் குறளில் (1076) அது இரகசியம் என்ற பொருளில்தான் நிற்கிறது.

சைபர் சூட் இனி ‘மறையீட்டுத் தொகுதி’. உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான தொடர்பைக் காக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின், 2018இல் வந்த 1.3 பதிப்பு இத்தகைய ஐந்தை மட்டுமே வரையறுத்தது. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘டிஎல்எஸ்_ஏஇஎஸ்_128_ஜிசிஎம்_ஷா256’. அதில் வரும் ஏஇஎஸ் என்பதே மறையீடு. 128 திறவுகோலின் பிட் நீளம். ஜிசிஎம் அதை இயக்கும் முறை. ஷா256 திறவுகோல்களை வருவிக்க உதவும் ஹாஷ் சார்பு, அதாவது எத்தரவையும் குறித்த நீளச் சுருக்கமாக்கும் சார்பு, அது மறையீடு அன்று. முந்தைய டிஎல்எஸ் 1.2இன் பட்டியலில் ‘நல்’ (வெறுமையைக் குறிக்கும் ஆங்கில null) என்று பெயரிட்ட தொகுதிகளும் உண்டு. அவை செய்தி மாறாமல் வந்ததா என்று சரிபார்க்குமே தவிர எதையும் மறைக்காது. அங்கே சைபர் மறுபடியும் சைபர்தான்.