பால் காத்திருக்காது

நெல் அறுத்தவர் விலை படியவில்லை என்றால் மூட்டைகளை அடுக்கிவைத்துச் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம். விடியற்காலையில் நான்கு லிட்டர் பால் கறந்தவருக்கு அந்த வசதி கிடையாது. மடியிலிருந்து இறங்கும் பாலின் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். கிருமிகளைக் கொஞ்ச நேரம் தடுத்துவைக்கும் இயற்கைப் பொருள்கள் அதில் உண்டு. வெயில் ஏற ஏற அவற்றின் வலு குறைந்துவிடும். பிறகு அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒரு கிருமி ஐந்து மணி நேரத்தில் ஆயிரமாகும். இந்த அவசரம் வாங்க வருபவருக்கும் தெரியும். பால் விற்பவர் பேரத்தில் தோற்பது பெரும்பாலும் இந்தக் கடிகாரத்திடம்தான்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1945-ல் நிலைமை இதைவிட இறுக்கம். பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. எருமை வளர்த்தவர்களுக்கு வேறு வாசல் இல்லை. 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் கூடிய விவசாயிகள், இனிப் பால் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பதினைந்து நாள் அந்த மறுப்பு நீடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று, திரிபுவன்தாஸ் படேல் முன்னின்று அமைத்த மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்றது இதுதான். அந்தப் போராட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பின் வந்த அன்றாட ஏற்பாடு. கோபம் பதினைந்து நாள் தாங்கும். பாலோ ஒவ்வொரு நாளும் இருவேளை வருகிறது.

அந்த ஏற்பாட்டின் அச்சாணி, ஒன்றியத்துக்குப் பால் சேர்த்துத் தரும் கிராமச் சங்கத்தின் மேசைமேல் இருக்கிறது. நூறு வீட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்துவிடும். யாருடையது கெட்டி, யாருடையது தண்ணீர் என்று அப்புறம் பிரிக்க முடியாது. வெறும் அளவைப் பார்த்துப் பணம் கொடுத்தால் தண்ணீர் ஊற்றியவர் லாபம் பார்ப்பார். நேர்மையாக ஊற்றியவர் அவருக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தவராவார். அப்படிப்பட்ட சங்கம் ஓராண்டுகூட ஒற்றுமையாக இருக்காது.

பால்மானி மட்டும் இதற்குப் போதாது. அது அடர்த்தியைக் காட்டும் கருவி. தண்ணீர் சேர்ந்தால் பாலின் அடர்த்தி குறையும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால், ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆடையையும் எடுத்து, அளவாகத் தண்ணீரும் சேர்த்தால் பால்மானி ‘நல்ல பால்’ என்றே சொல்லும். இந்தத் திருட்டைப் பிடிக்கக் கொழுப்பைத் தனியே அளக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீபன் பாப்காக் 1890-ல் ஒரு வழி கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கெர்பர் இன்னொரு முறையை உருவாக்கினார். இந்தியச் சங்கங்களில் நெடுங்காலம் புழங்கியது கெர்பர் முறை. கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலத்தோடு பாலைச் சேர்த்தால் அமிலம் புரதத்தைக் கரைத்துவிடும். சிறிது அமைல் ஆல்கஹால் விட்டுச் சுழற்றினால் கொழுப்பு மேலே தெளிந்து நிற்கும். குழாயின் கழுத்திலேயே அளவைப் படித்துக்கொள்ளலாம். இன்று பல சங்கங்களில் மின்னணுக் கருவி அந்த வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. கொழுப்பும் இதர சத்தும் சேர்ந்து விலையைத் தீர்மானிக்கின்றன. ஒரு லிட்டர் ஊற்றும் நிலமற்ற பெண்ணுக்கும் ஐம்பது லிட்டர் ஊற்றுபவருக்கும் ஒரே விலைப்பட்டியல். சங்கத் தேர்தலில் ஆளுக்கு ஒரு வாக்கு.

அங்கிருந்து பால் குளிர்விக்கப்படும். 4 டிகிரிக்கு இறங்கியதும் கிருமிகளின் பெருக்கம் பெரிதும் மந்தமாகி, ஓரிரு நாள் அவகாசம் கிடைக்கிறது. தனி ஒரு வீட்டால் வாங்க முடியாத அவகாசம் அது.

ஆனால் ஓரிரு நாள் போதாத காலமும் உண்டு. எருமைகள் குளிர்காலத்தில் மிகுதியாகக் கறக்கும். கோடையில் பால் வெகுவாகக் குறையும். குளிர்காலத்து உபரியை வாங்க ஆளில்லை என்றால், மிகுதியாகக் கறப்பதே நஷ்டமாகிவிடும். உறுப்பினர் கொண்டுவரும் பாலைச் சங்கம் திருப்பி அனுப்பக் கூடாது என்றால், மிஞ்சியதை மாதக்கணக்கில் வைத்திருக்க வழி வேண்டும். பசும்பாலைப் பொடியாக்கத் தெரிந்த மேல்நாட்டு நிபுணர்கள், எருமைப் பாலில் அது நடக்காது என்றார்கள். கேடா ஒன்றியம் இயங்கிய ஆனந்த் நகரில், அதன் மேலாளர் வர்கீஸ் குரியனோடு பணியாற்றிய எச்.எம். தலாயா செய்து காட்டினார். சுண்டக் காய்ச்சிய பாலை வெப்பக் காற்றில் நுண்துளிகளாகத் தெளித்தால் விழுவதற்குள் உலர்ந்து பொடியாகிவிடும். 1955-ல் அதற்கான ஆலை அங்கே திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் எடுத்துவைத்த பொடியும் கொழுப்பும் கோடையில் மறுபடி பாலாயின. ஆலை விவசாயிகளுடையது என்பதால், அந்த ஆறு மாதக் காத்திருப்பின் பலனும் அவர்களிடமே திரும்பியது.

வீட்டுக் கணக்கில் இதன் பொருள் வேறு. வயல் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பணம் தரும். பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அறுவடையைப் பார்த்து வருவதில்லை. சங்கம் வாரத்துக்கோ பத்து நாளுக்கோ பட்டுவாடா செய்கிறது. மனித வயிறு செரிக்காத வைக்கோலையும் வரப்புப் புல்லையும் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் உடைத்துத் தருவதால், நிலமே இல்லாதவரும் இந்த வருமானத்துக்குள் நுழைய முடிகிறது.

ஒன்றியம் அனுப்பும் சினை ஊசிக்காரரின் வரவையும் நான் இதே கணக்கில் சேர்ப்பேன். பசுவின் சினைப்பருவம் ஒரு நாளுக்கும் குறைவாகவே நீடிக்கும்; தவறினால் அடுத்ததற்கு மூன்று வாரம். அத்தனை நாளும் மாடு தின்னும். அடுத்த ஈற்றும் அதன் பாலும் அவ்வளவு தள்ளிப்போகும்.

எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சோதனைக் கருவியைச் சரிபார்க்காத சங்கம் உண்டு. வசதி படைத்த இரண்டு மூன்று குடும்பங்களின் கைக்குப் போன நிர்வாகக் குழு உண்டு. இவற்றைச் சில காலம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர்களும் ஒன்றை மட்டும் பொறுப்பதில்லை. பட்டுவாடா நான்கு வாரம் தள்ளிப்போனால் தீவனக் கடையில் கடன் நின்றுவிடும். மறுநாள் காலை அந்த வீட்டுப் பால், விலை குறைத்தாலும் கையில் காசு கொடுக்கும் வியாபாரியின் கேனுக்குப் போகும்.