வடவொளியா, வடக்கு விளக்குகளா?

"வடக்கு விளக்குகளைப் படமெடுக்க, விளக்குகள் இல்லாத இடத்துக்குச் செல்லுங்கள்."

நார்வே பயணக் காணொளி ஒன்றின் தமிழ் வசன வரி இது. நிறுத்திவிட்டு மறுபடி படித்தேன். விளக்கைப் படமெடுக்க விளக்கில்லாத இடமாம்! வடகோடி நாடுகளின் இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியை ஆங்கிலத்தில் 'நார்தர்ன் லைட்ஸ்' என்பார்கள், அதன் நேர் பெயர்ப்பு இது. இந்த 'வடக்கு விளக்குகள்' என் கண்ணில் படுவது முதல் தடவையும் அல்ல. குளிர்காலம் வந்தால் போதும், பயணக் கட்டுரைகளில் வரிசையாக ஏற்றிவைத்துவிடுகிறார்கள்.

அந்த ஒளியின் அறிவியல் பெயர் 'அரோரா போரியாலிஸ்'. அதன் கதை சின்னதுதான். அரோரா ரோமானியரின் விடியல் தெய்வம். போரியாஸ் கிரேக்கரின் வடகாற்று. இரண்டையும் சேர்த்து அந்தப் பெயரை ஆக்கியவர் கலிலியோ, ஆண்டு 1619 என்பார்கள். வடகாற்றுக்கு நம்மிடம் 'வாடை' இருப்பதால் சொல்லுக்குச் சொல் 'வாடை வைகறை' என்று வைக்கலாம். அழகுதான். ஆனால் நள்ளிரவில் தோன்றுவதை வைகறை என்பது பொருந்தாது. வாடை என்றாலோ இன்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

விளக்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'லைட்' என்ற ஒரே சொல் பொருளையும் குறிக்கும், அது தரும் வெளிச்சத்தையும் குறிக்கும். தமிழில் அப்படி இல்லை. விளக்கு ஏற்றுவது, அணைப்பது, திரியைத் தூண்டுவது. ஒளி அதிலிருந்து வருவது. வட வானத்தில் ஏற்றியவரும் இல்லை, திரியும் இல்லை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றின் உந்துதலால் மேலிருந்து பாயும் மின்துகள்கள் மோதிக் காற்றே ஒளிர்கிறது. சுமார் 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் பச்சையாய் ஒளிரும், 200 கி.மீ.க்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாகும். இதில் விளக்கு எங்கே வந்தது? 'கள்' விகுதியும் ஆங்கிலத்தின் எச்சம்தான். வானம் முழுக்கத் திரைச்சீலை போல நெளியும் ஒன்றை எண்ணியா பார்க்க முடியும்? சுவீடன்காரர் 'நூர்ஷேன்' என்கிறார்கள், வடக்கின் ஒளிர்வு என்று பொருள். ஃபின்லாந்துக்காரர் இன்னும் ஒரு படி மேல்: 'ரெவொன்துலெத்', நரித்தீ! அவரவர் தாம் கண்டதற்குப் பெயர் வைத்தார்கள். நாம் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறோம்.

'துருவ ஒளி' பரவாயில்லை, பழகிய சொல். துருவம் வடசொல் என்பதற்காக அதை நான் விலக்கவில்லை. அது இடத்தைத் தப்பாகக் காட்டுகிறது என்பதே என் குறை. இந்த ஒளி பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி வளையமாக அமைவது. நார்வேயின் டிராம்சோ, சுவீடனின் அபிஸ்கோ போன்ற ஊர்கள் அந்த வளையத்தின் கீழே இருப்பதால்தான் கேமராக்காரர்கள் அங்கே குவிகிறார்கள். வடதுருவத்துக்கே போய் நின்றால் வளையத்தின் உள்ளே மாட்டிக்கொள்வோம். சூரியச் சீற்றம் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கிய 2024 மே மாதப் பெரும் காந்தப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயிலிருந்த கேமராக்கள்கூடச் சிவப்பைப் பதிவு செய்தன. அதையும் துருவ ஒளி என்பதா? 'வடமுனைச் சுடரொளி' என்பாரும் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் காட்சி கலைந்துவிடும். 'வடவொளி' போதும். தென்கோளத்தில் தோன்றுவது தென்னொளி. பேச்சில் 'அரோரா' என்றாலும் எனக்குச் சண்டை இல்லை, விளக்கைவிட அது எவ்வளவோ மேல்.

அதே காணொளியில் அடுத்த வரி: "நீண்ட வெளிப்பாடு தேவை." 'எக்ஸ்போஷர்' என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். வெளிப்பாடு என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது. இங்கே நடப்பதோ தலைகீழ்: வெளியிலுள்ள ஒளி உள்ளே வந்து சென்சாரில் படுகிறது. வெறும் கண்ணுக்கு மங்கிய ஒளி சாம்பல் மேகமாகத் தெரிந்தாலும், கேமராவில் பச்சையாக விழுவது ஷட்டர் ஐந்து, பத்து நொடி திறந்திருந்து ஒளியைச் சேர்ப்பதால்தான். 'ஒளிபடும் நேரம்' என்றால் சிறுபிள்ளைக்கும் புரியும்.

அதற்கும் அடுத்த வரி இன்னும் மோசம்: "முடிவிலியில் கவனம் செலுத்துங்கள்." வெகு தொலைவிலுள்ளது தெளிவாக விழும்படி லென்ஸை 'ஃபோகஸ்' செய்வதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். படமெடுக்கச் சொல்கிறாரா, தியானம் பண்ணச் சொல்கிறாரா? பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனைப் புள்ளியாகச் சுருங்கும்வரை லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பு என்று எழுதியிருந்தால், கையுறைக்குள் விரல் விறைக்க நிற்கும் ஆளுக்கு ஒரு படமாவது தெளிவாகக் கிடைத்திருக்கும்.