மாஸ்டர் ப்ளான் வரைவு வந்தா அந்த ரெண்டு மாசத்த விட்டுடாதீங்க

இடம் வாங்கும்போது பட்டா பாக்கறோம், வில்லங்கம் போட்டு பாக்கறோம், மூலப்பத்திரத்த வக்கீல்கிட்ட குடுத்து ஒப்பீனியன் வாங்கறோம், ஆனா அந்த சர்வே நம்பர் மாஸ்டர் ப்ளான்ல, அதாவது ஊர்ல எந்த இடத்த எதுக்கு பயன்படுத்தலாம்னு குறிக்கற திட்ட வரைபடத்துல, என்ன கலர்ல இருக்குன்னு பாக்கறவங்க ரொம்ப கம்மி. அங்க வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, கடை போடலாமா, கம்பெனி வைக்கலாமா, இல்ல விவசாயம் மட்டும் தானாங்கறது அந்த கலர பொறுத்து தான். அந்த கலர் நிரந்தரமும் இல்ல. ப்ளான புதுப்பிக்கும்போது மாறும். மாத்தறதுக்கு முன்னாடி மக்கள்கிட்ட கருத்து கேக்கணும்னு சட்டத்துல இருக்கு, கேக்கவும் செய்றாங்க, ஆனா கேக்கற விஷயம் நம்ம காதுக்கு வராமலேயே அதுக்கு தர்ற ரெண்டு மாசம் முடிஞ்சு போயிடுது. நான் பாத்த வரைக்கும் பாதி பேருக்கு மேல பேங்க் லோனுக்கோ பில்டிங் அப்ரூவலுக்கோ போகும்போது தான் தெரிய வருது, அப்ப ரொம்ப லேட்.

முதல்ல இத யார் பண்றாங்கன்னு ஒரு குழப்பம் எல்லாருக்கும் இருக்கு. நகராட்சி கவுன்சில்ல தீர்மானம் போட்டு மாத்திடுவாங்கன்னு நினைச்சு கவுன்சிலர் வீட்டுக்கு நடப்பாங்க. தமிழ்நாட்டுல அப்படி இல்ல. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971 படி, சென்னை பகுதிக்கு சிஎம்டிஏன்னு சொல்ற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மத்த ஊர்கள்ல உள்ளூர் திட்டக் குழுமம் இல்லன்னா அந்த நகருக்குன்னு அமைச்ச வளர்ச்சிக் குழுமம், இவங்க தான் தயார் பண்ணணும். டிடிசிபின்னு சொல்ற நகர் ஊரமைப்பு இயக்ககம் மேல இருந்து பாத்துக்கும், கடைசி ஒப்புதல் அரசோடது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாத்தோட கருத்தும் வாங்குவாங்க, அதனால கவுன்சிலரும் ஊராட்சித் தலைவரும் முக்கியம் தான், ஆனா கையெழுத்து போடற இடம் அது இல்ல. அரசு ஆவணங்கள்ல இதுக்கு முழுமைத் திட்டம்னு பேரு இருக்கும், தமிழ்ல அறிவிப்பு வந்தா அந்த பேர தேடுங்க.

எத்தன வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவாங்கன்னா, சட்டத்துல அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை மறுஆய்வு பண்ண இடம் இருக்கு, அரசு உத்தரவு போட்டா பண்ணியே ஆகணும். நடைமுறை வேற மாதிரி. சென்னைக்கு முதல் மாஸ்டர் ப்ளான் 1970கள்ல வந்துச்சு, இரண்டாவது 2008 செப்டம்பர்ல தான் நடைமுறைக்கு வந்துச்சு. நடுவுல முப்பது வருஷம். வேளச்சேரி, பெருங்குடி, ஓஎம்ஆர் எல்லாம் எப்படி வளந்துச்சோ அந்த காலத்துல தான் வளந்துச்சு, பள்ளிக்கரணை சதுப்புநிலம் சுருங்கினதும் அதே காலத்துல தான். இரண்டாவது ப்ளான்ல பள்ளிக்கரணை சதுப்புநிலத்தையும் செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்பையும் தனித்தனியா குறிச்சு அங்க கட்டடத்துக்கு கட்டுப்பாடு வச்சாங்க. அந்த ப்ளானோட காலம் 2026 வரைக்கும் தான், அடுத்தது 2046 வரைக்குமானது. கோயம்புத்தூர் கதையும் இதே தான், 1994ல ஒப்புதல் ஆன ப்ளான் முப்பது வருஷம் ஓடுச்சு, புது வரைவு 2024 பிப்ரவரியில வந்து, 2041 வரைக்குமான ப்ளான் 2025ல தான் வெளியாச்சு. அதனால ஒரு தடவை இந்த ரெண்டு மாசத்த விட்டா அடுத்த முழு வாய்ப்பு நம்ம பசங்க காலத்துல தான் வரும்னு வச்சுக்கோங்க, அவ்வளவு முக்கியம் இது.

வேலை எப்படி ஆரம்பிக்கும்னா, சாட்டிலைட் படம், ட்ரோன் எல்லாம் வச்சு முதல்ல அடிப்படை வரைபடம் போடுவாங்க, அதுக்கு மேல கிராம வரைபடத்தையும் சர்வே நம்பர் எல்லையையும் ஒட்டுவாங்க. அப்புறம் இப்ப எந்த இடம் எதுக்கு பயன்படுதுன்னு ஆள் விட்டு கணக்கெடுப்பாங்க. ஜனத்தொகை இன்னும் இருபது வருஷத்துல எவ்வளவு ஆகும், எவ்வளவு வீடு வேணும், தண்ணி எங்கிருந்து, ரோடு எங்க பத்தல, பஸ் ஸ்டாண்ட் எங்க போகணும், இதெல்லாம் கணக்கு போட்டு தான் எந்த பக்கம் ஊர் வளரட்டும்னு முடிவு பண்றாங்க. இந்த கட்டத்துலயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தறதும் உண்டு, போனா நல்லது, ஆனா சட்டப்படியான ஆட்சேபணை இது இல்ல. இங்க பேசிட்டோம்னு அப்புறம் சும்மா இருந்துடாதீங்க.

வரைவு ரெடியானதும் அத வெளியிட அரசோட இசைவு வாங்கணும். வாங்கின பிறகு அரசிதழ்லயும் முக்கிய நாளிதழ்லயும் அறிவிப்பு போடுவாங்க, வரைபடத்தயும் அறிக்கையயும் எந்த ஆபீஸ்ல பாக்கலாம்னு அதுலயே இருக்கும், இணையதளத்துலயும் போடறாங்க. அரசிதழ்ல வந்த தேதியில இருந்து குறைஞ்சது ரெண்டு மாசம் ஆட்சேபணை, ஆலோசனை குடுக்க நேரம் தரணும், இது 26ஆவது பிரிவு. குறைஞ்சது தான் ரெண்டு மாசம், கூட குடுக்கலாம், அறிவிப்புல இருக்கற கடைசி தேதிய பாத்துக்கோங்க. நிலம் வச்சிருக்கறவங்க மட்டும் தான் குடுக்கணும்னு இல்ல, யார் வேணா எழுத்துல குடுக்கலாம், வாடகைக்கு இருக்கறவங்க கூட.

இப்ப வரைபடத்த எப்படி பாக்கறதுன்னு சொல்றேன், நிறைய பேர் ஏமாறுறது இங்க தான். ரெண்டு வரைபடம் இருக்கும். ஒண்ணு இப்ப இருக்கற நிலப் பயன்பாடு, இன்னொண்ணு உத்தேச நிலப் பயன்பாடு. முதல் படத்துல நம்ம தெரு மஞ்சளா குடியிருப்புன்னு இருக்கறத பாத்துட்டு நிம்மதியா வந்துடுவாங்க, ரெண்டாவது படத்துல அதே தெரு மேல ஒரு புது ரோடு கோடு ஓடும். முக்கியமானது ரெண்டாவது தான். பொதுவா குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி மாதிரி நிறுவனங்களுக்கு சிவப்பு, பூங்காவுக்கும் விவசாயத்துக்கும் பச்சையில வேற வேற அளவு, ஆனா ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறலாம், ஓரத்துல இருக்கற குறிப்ப படிச்சிட்டு தான் பாக்கணும்.

அப்புறம் ஸ்கேல். ஒன்றுக்கு பத்தாயிரம் அளவுல ஒரு படம் அச்சாச்சுன்னா, படத்துல ஒரு மில்லிமீட்டர் தரையில பத்து மீட்டர், அதாவது முப்பத்தி மூணு அடி. பேனா முனை கோடு தடிமன்லயே ஒரு முழு மனையோட அகலம் போயிடும். ரோடு கோடு நம்ம வீட்டு மேல வருதா பக்கத்து காலி இடத்துல வருதான்னு போன்ல பிடிஎஃப்ப பெருசு பண்ணி பாத்து முடிவு பண்ணவே முடியாது, அத வச்சு தெருவுல சண்டை போட்டுக்கறது தான் மிச்சம். அதனால படத்த மட்டும் நம்பாம, அறிக்கையில கிராமவாரியா சர்வே நம்பர் பட்டியல் இருக்கும், அத தேடுங்க. நம்ம எஃப்எம்பி ஸ்கெட்ச்சயும் (நிலத்தோட அளவு காட்டற புல வரைபடம்) பட்டாவையும் அரசோட இ-சேவை தளத்துலயே எடுத்துக்கலாம், உட்பிரிவு நம்பரோட சேத்து வச்சு ஒப்பிட்டு பாருங்க. பட்டியல்லயும் தெளிவா இல்லன்னா அந்த ஆபீஸ்க்கே போய் உங்க சர்வே நம்பர சொல்லி காட்ட சொல்லுங்க, பாக்கறதுக்குன்னு தான் அங்க வச்சிருக்காங்க.

என்ன மாதிரி தப்பு வரும்னா, அப்ரூவ்டு லேஅவுட்டா இருபது வருஷமா வீடுங்க இருக்கற இடம் விவசாயம்னு வந்திருக்கும். வண்டிப்பாதை இல்லாத இடத்துல அறுபது அடி ரோடு காட்டியிருப்பாங்க. ஓடை, குட்டை, மேய்ச்சல் புறம்போக்கு குடியிருப்பு கலருக்குள்ள போயிருக்கும். இந்த கடைசி ஒண்ண தான் ரொம்ப கவனமா பாக்கணும்னு நான் திரும்ப திரும்ப சொல்வேன், ஏன்னா நம்ம மனை தப்பா இருந்தா நம்மளே கத்துவோம், ஊர் குட்டைக்கு கத்த ஆள் கிடையாது. மழைத்தண்ணி எந்த பக்கம் ஓடும்னு அந்த ஊர்க்காரங்களுக்கு தெரியற மாதிரி சாட்டிலைட்டுக்கு தெரியாது. ஊராட்சி பகுதியா இருந்தா கிராம சபையில தீர்மானம் போட்டு அந்த நகல ஆட்சேபணையோட இணைச்சு குடுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு, ரெண்டு மாசத்துல பெரும்பாலும் ஒண்ணாவது நடுவுல வந்துடும்.

கடிதம் பெருசா எழுத வேணாம், வக்கீல் கண்டிப்பா வேணும்னும் இல்ல. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் உட்பிரிவோட, பரப்பளவு, வரைவுல இப்படி காட்டியிருக்கு, உண்மை நிலவரம் இது, இப்படி மாத்தணும், இதுக்கு ஆதாரம் இது, அவ்வளவு தான். உதாரணத்துக்கு, "சர்வே எண் 112/3ஏ வரைவில் விவசாயப் பயன்பாடு எனக் காட்டப்பட்டுள்ளது. இது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் உள்ளது, ஒப்புதல் நகல் இணைப்பு. குடியிருப்புப் பயன்பாடாகத் திருத்தம் செய்யக் கோருகிறேன்" அப்படின்னு நேரா எழுதுங்க. பட்டா, எஃப்எம்பி, லேஅவுட் ஒப்புதல், பில்டிங் அனுமதி, வீட்டு வரி ரசீது, போட்டோ, எது இருக்கோ அத சேருங்க. எங்க பொழப்பே போச்சுன்னு நாலு பக்கம் எழுதினா படிக்கறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஆனா சர்வே நம்பர் இல்லன்னா அவங்களால எதையும் திருத்த முடியாது. தெருவே சேந்து ஒரு கடிதம் குடுத்தாலும் ஆளுக்கு ஒரு கடிதம் அவங்கவங்க சர்வே நம்பரோட தனியா குடுக்கறது நல்லது.

கடைசியில ஒரு வரி கண்டிப்பா இருக்கணும், "என்னை நேரில் விசாரிக்க வாய்ப்பு அளிக்க வேண்டும்". ஏன்னா நேர்ல கேக்கணும்னு கேட்டவங்களுக்கு தான் அந்த வாய்ப்பு குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. கேக்காம விட்டா கூப்பிடலன்னு அப்புறம் குறை சொல்ல முடியாது. நேர்ல குடுத்தா நகல்ல சீல் வச்சு தேதியோட வாங்குங்க, தபால்னா ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட். ஆன்லைன்ல போட்டா ஒப்புகை நம்பர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பத்திரப்படுத்துங்க. விசாரணைக்கு போகும்போது ஒரிஜினல் எடுத்துட்டு போங்க, நேரம் கொஞ்சமா தான் கிடைக்கும், வரைபடத்துல எந்த இடம்னு விரல் வச்சு காட்ற மாதிரி தயாரா போங்க.

விசாரணை முடிஞ்சதும் திருத்தம் பண்ணி அரசுக்கு அனுப்புவாங்க, அரசு ஒப்புதல் குடுத்து அரசிதழ்ல வந்ததும் நடைமுறைக்கு வந்துடும். நம்ம ஆட்சேபணைய ஏத்துக்கிட்டாங்களான்னு தெரியலன்னா பத்து ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க, என் மனு மேல என்ன முடிவு எடுத்தாங்க, எந்த காரணத்தால, அந்த குறிப்போட நகல் வேணும்னு கேளுங்க, முப்பது நாள்ல பதில் தரணும். இறுதி வரைபடத்தயும் கண்டிப்பா ஒரு தடவை பாருங்க, வரைவுல சரியா இருந்தது இறுதியில மாறியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, மத்தவங்க ஆட்சேபணையால நம்ம பக்கம் கோடு நகரலாம்.

ப்ளான் வந்த மறுநாளே யாரும் ஜேசிபியோட வரமாட்டாங்க, அந்த பயம் வேணாம். ஆனா அடுத்து மாடி எடுக்க அனுமதிக்கு போனா, பக்கத்து இடத்த வித்து பிரிக்க போனா அப்ப அந்த கலரும் கோடும் முன்னாடி வந்து நிக்கும். ரோடு அகலப்படுத்த குறிச்ச பகுதிய தானப்பத்திரம் எழுதி குடுத்தா தான் அனுமதின்னும் சொல்வாங்க. நிலப் பயன்பாடு தப்பா போயிடுச்சுன்னா, அப்புறம் தனியா விண்ணப்பம் போட்டு மறுவகைப்பாடு கேக்கலாம், 32ஆவது பிரிவுல அதுக்கு வழி இருக்கு, பத்திரிகையில அறிவிப்பு வரும், அக்கம்பக்கத்துக்காரங்க ஆட்சேபிக்கலாம், கட்டணமும் உண்டு, மாசக்கணக்குல இழுக்கும். ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு பேப்பர்ல இலவசமா முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இது.

கடைசியா ஒண்ணு, இது பலருக்கு தெரியாத உரிமை. நம்ம இடத்த ரோடுக்கோ பூங்காவுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ ஒதுக்கீடுன்னு ப்ளான்ல போட்டுட்டு எடுக்கவும் செய்யாம விடவும் செய்யாம வருஷக்கணக்கா வச்சிருந்தா, 38ஆவது பிரிவ பாருங்க. அரசிதழ்ல 26ஆவது பிரிவுப்படி வரைவு அறிவிப்பு வந்த தேதியில இருந்து மூணு வருஷத்துக்குள்ள நிலம் எடுக்கற அறிவிக்கையும் வரல, பேசி வாங்கவும் இல்லன்னா அந்த ஒதுக்கீட்டுல இருந்து நிலம் விடுவிக்கப்பட்டதா கருதணும்னு சட்டமே சொல்லுது. இத வச்சு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு போய் நிவாரணம் வாங்கினவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா ஆபீஸ்ல தானா வந்து விடுவிச்சாச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அந்த அரசிதழ் நகல், உங்க பட்டா, எஃப்எம்பி மூணையும் வச்சு திட்டக் குழுமத்துக்கு நீங்க தான் எழுதணும், பதில் வரலன்னா இல்ல முடியாதுன்னு வந்தா அப்ப ஒரு நல்ல வக்கீல பாருங்க, அதுக்கு முன்னாடி அந்த அரசிதழ் தேதிய எடுத்து வச்சுக்கோங்க, மூணு வருஷக் கணக்கு அங்க இருந்து தான்.