கன்றுக்குட்டியை வண்டியில் ஏற்றும் முன்: 1978 விதிகள் சொல்வது என்ன?

கோலார், சிந்தாமணி பக்கம் போய்க் கறவை மாடு பிடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் கன்றோடுதான் வாங்குகிறார்கள். மடி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், எத்தனையாவது ஈத்து என்று கேட்பார்கள், கறந்து பார்த்த பிறகே பணத்தை எண்ணுவார்கள். கன்றை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. மாட்டோடு சேர்ந்து வருவதால் அதற்குத் தனி விலை கிடையாது. கிடாரியாக இருந்தால் கொஞ்சம் கவனிப்பு உண்டு, காளைக் கன்றாக இருந்தால் அதுவும் இல்லை. ஈரோடு கருங்கல்பாளையம், பொள்ளாச்சி போன்ற சந்தைகளிலிருந்து கேரளத்துக்கு லோடு போகும் வண்டிகளிலும் கன்றுகளின் பாடு இதேதான். மாட்டுக்கு இடம் ஒதுக்கியது போக மிச்சமிருக்கிற மூலையில் அவற்றைத் திணித்துவிடுகிறார்கள்.

ஒரு ராத்திரிப் பயணம் முடிந்து இறக்கும்போது கன்று எழுந்து நிற்காது. இரண்டு நாளில் கழிச்சல் தொடங்கும், நாலாம் நாள் செத்துப்போகும். "ஊர் மாறினது ஒத்துக்கல" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஊர் மாறியதில் ஒன்றும் இல்லை. வழியில் பால் இல்லை, படுக்க இடம் இல்லை, ஏற்றியபோது தொப்புளே ஆறியிருக்கவில்லை. இவை மூன்றுக்குமே நம் சட்டத்தில் பதில் இருக்கிறது.

எந்தச் சட்டம்?

தாய்ச் சட்டம் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து வழி திறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவை 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள். மாடுகளுக்கான பகுதி 46 முதல் 56 வரையுள்ள விதிகள். 2001இல் மேலும் சில விதிகள் சேர்ந்தன. அதே ஆண்டில், மாடுகளை நடத்திக் கூட்டிப் போவதற்கென்று தனி விதிகளும் வந்தன. லாரி, வேன்களின் இட அளவை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125இ பிரிவும் வரையறுக்கிறது. அது 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

46ஆம் விதி மாடு என்று எதையெல்லாம் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்: பசு, காளை, எருது, எருமை, யாக், கன்று. கன்று தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே, "ஆறு மாடுதான் ஏத்தியிருக்கேன், கன்னெல்லாம் கணக்குல வராது" என்று சோதனைச் சாவடியில் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பயணமே கூடாத கன்று

98ஆம் விதியின்படி, புதிதாகப் பிறந்த கன்றை ஏற்றக் கூடாது. நோயுற்றது, பார்வையற்றது, எலும்பும் தோலுமாக இருப்பது, நொண்டுவது, களைத்துப்போனது எதையும் ஏற்றக் கூடாது. கன்று ஈன்று 72 மணி நேரம் ஆகாத பசுவையும், வழியில் ஈனக்கூடிய நிலையில் இருக்கும் சினைமாட்டையும் ஏற்றக் கூடாது.

"புதிதாகப் பிறந்த" என்றால் எத்தனை நாள்? இந்த விதி நாள் கணக்குச் சொல்லவில்லை. இதுதான் நம் விதிகளில் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆனால் 2001ஆம் ஆண்டு நடைப்பயண விதிகளில் ஒரு பிடி கிடைக்கிறது. "தொப்புள் முழுமையாக ஆறாத" கன்று என்று அங்கே தெளிவாகவே இருக்கிறது. நடத்திக் கூட்டிப் போகக்கூடாத கன்றை லாரியில் மட்டும் எப்படி ஏற்றலாம்? வண்டிக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

தொப்புளைப் பார்ப்பது எளிது. கன்றை நிற்க வைத்து வயிற்றுக்கு அடியில் கையை விடுங்கள். கொடி காய்ந்து உதிர்ந்து, அந்த இடத்தில் தோல் மூடி, காய்ந்த தழும்பாக இருக்க வேண்டும். ஈரம், வீக்கம், சூடு, நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கன்று ஏறக் கூடாது. அப்படியே கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுங்கள். தோல் உடனே படிய வேண்டும். கூடாரம்போல நின்று மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். கண் உள்ளே போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கடைசியாக, கழுவிய விரலை வாயில் வையுங்கள். நல்ல கன்று இழுத்துச் சப்பும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டு விதியிலேயே நாளை எழுதி வைத்துவிட்டது. 10 நாளுக்குக் குறைந்த கன்றை 100 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால், தாயோடு போனாலொழிய 14 நாள் நிரம்பியிருக்க வேண்டும். பால் மறக்காத கன்றுக்கு 9 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் நிறுத்தம், மறுபடி 9 மணி நேரம், அதற்கப்புறம் இறக்கித் தீவனமும் நீரும் கொடுத்து 24 மணி நேர ஓய்வு. அதுவும் போதாது என்று, 5 வார வயதும் 50 கிலோ எடையும் இருந்தால்தான் நீண்ட பயணம் என 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. நம் விதியிலும் இப்படி ஒரு எண் வேண்டும். அது வரும்வரை, தொப்புள் ஆறி, குறைந்தது ஒரு மாதம் ஆகாத கன்றை நெடுந்தூரம் கொண்டுவராதீர்கள் என்றுதான் சொல்வேன். விற்பவரிடம் பேசி, மாட்டையும் கன்றையும் ஒரு மாதம் கழித்துச் சேர்ந்தே கொண்டுவரலாம்.

ஒரு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை. சீம்பால் வழியாகத்தான் அது கிடைக்கிறது. அதையும் முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் உடம்பில் சேரும், ஒரு நாள் கடந்தால் குடல் அதை ஏற்காது. அப்படி வாங்கிக்கொண்ட சக்தி நாளாக ஆகக் குறையும், கன்றின் சொந்தச் சக்தி மெதுவாகத்தான் வளரும். இந்த இடைவெளியில் பல ஊர் மாடுகள் கலந்த சந்தையிலும் வண்டியிலும் கன்றை நிறுத்துகிறோம். கோமாரித் தடுப்பூசியும் 4 மாதம் ஆன பிறகுதான் போடுகிறார்கள்.

இரண்டு காகிதங்கள்

முதலாவது, கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று. 47ஆம் விதிப்படி இது இல்லாமல் வண்டிக்காரர் லோடு ஏற்றவே மறுக்க வேண்டும். அதற்கான படிவம் விதிகளின் "இ" அட்டவணையில் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மாடுகளைப் பரிசோதித்தேன், போதிய தீவனமும் தண்ணீரும் கொடுக்கப்பட்டிருக்கிறது, பயணம் செய்யத் தகுதியாக இருக்கின்றன என்று மருத்துவர் கையெழுத்திடும் படிவம் அது. எண்ணிக்கை, இனம், வயது, அடையாளம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. எனவே முந்தின வாரம் வாங்கி வைத்த சான்றும், மாட்டைப் பார்க்காமலே கையெழுத்தான சான்றும் செல்லாது. படிவத்தில் வெக்கை நோய்த் தடுப்பூசி பற்றியும் ஒரு வரி வரும். அந்த நோய் 2011இல் உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டது. இப்போது கேட்க வேண்டியது கோமாரித் தடுப்பூசி விவரமும் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணும்.

சான்றில் கன்றுக்குத் தனி வரி கேளுங்கள். "பசு 1, கிடாரிக் கன்று 1, வயது இத்தனை நாள்" என்று எழுதச் சொல்லுங்கள். கன்று காப்பாற்றப்படுவதோ கைவிடப்படுவதோ இந்த இடத்தில்தான். வயதை எழுதச் சொன்னால் மருத்துவர் தொப்புளைப் பார்ப்பார். பார்த்தால், ஏற்ற வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பாவது இருக்கும்.

இரண்டாவது, 96ஆம் விதி கேட்கும் சான்று. விலங்குகள் நல வாரியமோ மத்திய அரசோ அதிகாரம் அளித்த அலுவலர் அல்லது அமைப்பு இதை வழங்க வேண்டும். சம்பந்தப்பட்ட மத்திய, மாநிலச் சட்டங்கள் எல்லாம் கடைப்பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கான சான்று இது. பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாநில எல்லை தாண்டுகிறவர்கள் இதையும் கையில் வைத்திருப்பது நல்லது.

வண்டி

ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர், அதாவது 21.5 சதுர அடி இடம் வேண்டும். ஏழடி நீளம், ஐந்தடி அகலமுள்ள குட்டியானைச் சரக்கு வண்டியின் பெட்டி 35 சதுர அடி. அதில் ஒரு மாடுதான் சட்டப்படி போகலாம். மாடும் கன்றும் என்றால் 43 சதுர அடி தேவை, கொஞ்சம் பெரிய வண்டி பிடிக்க வேண்டும். வாடகை கூடும் என்பது உண்மைதான். கன்று போய், அந்த ஏக்கத்தில் மாடும் பால் சுரக்காமல் அடக்கிக்கொண்டால் ஆகும் நட்டம் அதைவிடப் பெரிது. வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 56ஆம் விதிப்படி ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. கூட ஒரு ஆள் வர வேண்டும், வேறு சரக்கு ஏற்றக் கூடாது. வழுக்காமல் இருக்கத் தேங்காய் நார் விரிப்போ மரப்பலகையோ போட வேண்டும். முதலுதவிப் பெட்டியும் கட்டாயம்.

மிகச் சிறிய கன்றுகளை மற்ற மாடுகளோடு கலக்கக் கூடாது என்று 98ஆம் விதி சொல்கிறது. ஆகவே ஒரு பலகைத் தடுப்பு வைத்து, தாயின் தலை தெரிகிற பக்கமாகக் கன்றை விடுங்கள். பிரேக் போடும்போது மாடு மேலே விழாது, தாயும் கத்தாது. ரயிலில் தரைக்கு 6 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோல் போடச் சொல்கிறது 55ஆம் விதி. சாலைக்கு அப்படி எழுதவில்லை என்றாலும் விரிப்பின் மேல் வைக்கோல் போடுங்கள். கன்று நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும் உயிர். வாலைப் பிடித்து இழுத்து ஏற்றாதீர்கள். மார்பையும் பின்புறத்தையும் அணைத்துச் சாய்வுப் பலகையில் ஏற்றினால் தானாகவே போகும்.

பால்

கறவை மாட்டை ரயிலில் கொண்டுபோனால் நாளுக்கு இரண்டு முறையாவது கறக்க வேண்டும், கன்றுக்குப் போதிய பால் கொடுக்க வேண்டும் என்று 55ஆம் விதியில் நேரடியாகவே இருக்கிறது. லாரிக்கான 56ஆம் விதியில் பால் என்ற சொல் வராது. அதை வைத்து, தேவையில்லை என்று யாரும் வாதிட முடியாது. பயணம் முழுவதுக்கும் போதுமான தீவனமும் தண்ணீரும் கையிருப்போடு இருக்க வேண்டும் என்கிறது 54ஆம் விதி. அசைபோடும் வயிறு இன்னும் வளராத கன்றுக்கு வைக்கோல் கட்டைக் காட்டுவதில் என்ன பயன்? அதற்குத் தீவனம் என்றால் பால்தான். பாலுக்கு ஏற்பாடு இல்லாமல் பால்குடிக் கன்றை ஏற்றினாலே விதி மீறல் என்றுதான் நான் படிக்கிறேன்.

30 கிலோ கன்றுக்கு நாளுக்குச் சுமார் 3 லிட்டர், எடையில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வயிறு நிறைய ஊட்டிவிடுங்கள். வழியில் வண்டியை நிழலில் நிறுத்தி, தாயிடம் கறந்த சூடு ஆறாத பாலை நிப்பிள் பாட்டிலில் கொடுங்கள். அண்ணாக்க வைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயின் மடி இருக்கும் உயரத்தில் பாட்டிலைப் பிடித்தால் போதும்.

சந்தையிலிருந்து நடத்திக் கூட்டிப் போகிறவர்களுக்கு: கன்றுக்கு நாளுக்கு 16 கிலோமீட்டர்தான், மொத்தம் 6 மணி நேரம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தீவனம். வெப்பம் 15 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் கன்றை நடத்தவே முடியாது. சூரியன் மறைந்த பிறகும் நடத்தக் கூடாது. சாட்டை, குச்சியால் அடிப்பதும் உடம்பில் எங்கேயும் மிளகாய் தடவுவதும் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டவை.

மீறினால்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்கு ஒரு லாரி உயிர்களின் வேதனையைத் தீர்த்துக்கட்டலாம் என்றால் யார் பயப்படுவார்கள்? இந்தத் தொகை மாறியே ஆக வேண்டும். இப்போதைக்கு வலுவான பிடி வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே மாட்டைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 2017ஆம் ஆண்டின் வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகளின்படி, பிடிபட்ட மாடுகளின் பராமரிப்புச் செலவுக்கு அனுப்பியவர், வண்டி உரிமையாளர் எல்லாரும் சேர்ந்தே பொறுப்பு. வண்டியைப் பிணையாக நிறுத்தி வைக்கவும் முடியும். லாரிக்காரர்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

கன்றுகளை நெருக்கி ஏற்றிப் போகும் வண்டியைப் பார்த்தால் நீங்களே மறித்துச் சண்டை போட வேண்டாம். உரிய காகிதத்தோடு மாடு வாங்கிப் போகும் விவசாயியாகவும் அவர் இருக்கலாம். வண்டி எண், இடம், நேரம், போகும் திசை இவற்றைக் குறித்துக்கொண்டு 112க்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் தெரிவிக்கலாம். காவல் நிலையத்தில் இறக்கிய கன்றுகளுக்கு யாராவது புல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பால் வேண்டும் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். எழுந்து நிற்க முடியாத கன்று இருந்தால் 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள். மருத்துவர் வரும்வரை கன்றை மார்பின் மேல் நிமிர்த்திப் படுக்க வைத்து, சாக்குப் போட்டு உடம்பைச் சூடாக வைத்திருங்கள். விழுங்க முடியாத கன்றின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.